இன்னொரு மூவர்



எங்க வீட்டில் ‘மூவர்’ என்றால் ஒரே அர்த்தம்தான்: பேரறிவாளன், முருகன், சாந்தன். 2011 ஆகஸ்டில் எனக்குப் பதினோரு வயசு. பிளேனோவில் ஒரு பூங்காவின் பார்க்கிங் லாட்டில் முப்பது, நாற்பது தமிழர்கள் மெழுகுவத்தியோடு நின்றோம். டெக்சஸ் வெயிலில் ஏற்றுவதற்கு முன்பே மெழுகுவத்தி வளைந்துபோயிருந்தது. செப்டம்பர் 9 அன்று வேலூர் சிறையில் தூக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். அப்பா வேலூர்க்காரர். காலேஜ் படிக்கும்போது தொரப்பாடியில் அந்த ஜெயில் பக்கம்தான் பஸ்ஸுக்கு நிற்பாராம். “ஒரு உயிரை எடுக்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமை கிடையாது” என்று மைக் இல்லாமலே கத்திப் பேசினார். காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்த செய்தி வந்திருந்த நேரம் அது. அம்மா பேசவே இல்லை, அழுதுகொண்டே இருந்தார்.

அதற்கு ஐந்தாறு வாரம் முன்னால், ஜூலை 20 அன்று, எங்க ஹாலில் உள்ளூர் சேனலில் ஒரு செய்தி ஓடியது. மார்க் ஸ்ட்ரோமன் என்பவனை அன்று ராத்திரி ஹன்ட்ஸ்வில்லில் விஷ ஊசி போட்டுக் கொல்லப்போகிறார்கள். அப்பா “நல்லா வேணும் அவனுக்கு” என்றார். சேனலை மாற்றினார். அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பதிமூணு வருஷம் ஆனது. 2024 டிசம்பர் 23 அன்று பைடன், ஃபெடரல் மரண தண்டனைக் கைதிகள் 40 பேரில் 37 பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். நம்ம குரூப் சாட்டில் ஹார்ட் மேல ஹார்ட். யாரோ “மீதி மூணு பேர்?” என்று கேட்டார்கள். சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்ட டிலன் ரூஃப், பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் பதினோரு பேரைக் கொன்ற ராபர்ட் பவர்ஸ், பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த ஜோகர் சார்னயெவ். “ஓ, அவங்களா, ஓகே” என்று பதில் வந்தது. பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்த ‘ஓகே’ பற்றித்தான் எழுதுகிறேன். யார் போட்டது என்று தேடாதீர்கள். நான்தான்.

ஸ்ட்ரோமன் யார் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. டாலஸில் வளர்ந்த எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது. 9/11 முடிந்து நாலாவது நாள், 2001 செப்டம்பர் 15, டாலஸில் சின்னதாக ஒரு மளிகைக்கடை நடத்திவந்த வக்கார் ஹசனைச் சுட்டுக் கொன்றான். பாகிஸ்தானில் பிறந்தவர். செப்டம்பர் 21, ஒரு பெட்ரோல் பங்கில் வேலையில் நின்ற பங்களாதேஷ் இளைஞர் ரயீஸ் புய்யானிடம் “எந்த ஊர்?” என்று கேட்டு, முகத்தில் சுட்டான். ரயீஸ் பிழைத்தார், வலது கண் பார்வை போனது. அக்டோபர் 4, மெஸ்கீட்டில் இன்னொரு பங்கில் வாசுதேவ் படேலைக் கொன்றான். குஜராத்தி. மூன்று பேரில் ஒருவர்கூட அரபு நாட்டுக்காரர் இல்லை. அதனால் என்ன, இருந்திருந்தாலும் கொலை கொலைதான். அந்த மாசத்தில் அம்மா கடைக்குப் போகும்போது பொட்டை எடுத்துவிட்டுப் போனாராம். அப்பா சில வாரம் ராத்திரியில் பெட்ரோல் போடவே போகவில்லை. நான் கைக்குழந்தை.

ஆக, அப்பாவின் “நல்லா வேணும்” வெறும் வக்கிரம் இல்லை. அது ஒரு பயத்தின் மிச்சம். அதை நான் மட்டமாகப் பேசமாட்டேன்.

ஆனால் அந்த வழக்கில் அரசு என்ன செய்தது என்று பாருங்கள். ‘பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி’ என்று சொல்லித்தானே தூக்கு, ஊசி எல்லாம் நடக்கிறது? வக்கார் ஹசனின் மனைவியும் நான்கு மகள்களும் நியூஜெர்சியில் மில்டவுனில் இருந்தார்கள். குடும்பத்தின் குடியேற்ற விண்ணப்பம் அவர் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் செத்ததும் அதுவும் செத்தது. கணவனைக் கொன்றவனுக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்த அதே நாடு, மனைவியையும் பிள்ளைகளையும் நாடு கடத்தலாம் என்ற நிலையில் வைத்திருந்தது. அவர்கள் இங்கேயே இருக்க நாடாளுமன்றத்தில் அந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது. நியூஜெர்சி உறுப்பினர் ரஷ் ஹோல்ட் கொண்டுவந்தார், 2004-இல்தான் நிறைவேறியது. ரயீஸுக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. முகத்தில் குண்டுத் துகள்களோடு சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார், பல்லாயிரம் டாலர் கடனோடு. ஸ்ட்ரோமனைக் கொல்ல மட்டும் பத்து வருஷம் வக்கீல், கோர்ட், தனிக்கொட்டடி, மருந்து என்று எதற்கும் பணப் பற்றாக்குறை வரவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ரயீஸ், தன்னைச் சுட்டவனைக் கொல்ல வேண்டாம் என்று இயக்கமே நடத்தினார். ஹசனின் உறவினர் ஒருவரும் அவரோடு நின்றார். டெக்சஸ் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் குற்றவாளியை நேரில் சந்தித்துப் பேச ஏற்பாடு கேட்கலாம். அந்த உரிமை எனக்கு மறுக்கப்பட்டது என்று ஆளுநர் ரிக் பெர்ரி மீது வழக்குப் போட்டார். கடைசி நாள் வரை கோர்ட் கோர்ட்டாக ஓடினார். தள்ளுபடி. பாதிக்கப்பட்டவர் ‘கொல்லு’ என்றால் அவர் குரல் புனிதம், ‘கொல்லாதே’ என்றால் அவர் குரல் வெறும் பைத்தியக்காரத்தனம். கடைசி வார்த்தைகளில் ஸ்ட்ரோமன், உலகத்தில் வெறுப்பு நிற்க வேண்டும் என்று பேசிவிட்டுச் செத்தான். ஏழு வாரம் கழித்து, கலிஃபோர்னியாவில் ரிபப்ளிகன் கட்சி விவாத மேடையில், பெர்ரியின் ஆட்சியில் 234 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியிருக்கிறது என்று நெறியாளர் சொல்லி, கேள்வியை முடிப்பதற்குள் அரங்கம் கைதட்டியது. அந்த 234-இல் ஸ்ட்ரோமனும் உண்டு.

(மேலே ஸ்ட்ரோமனை ‘அவன்’ என்றே எழுதியிருக்கிறேன், பேரறிவாளன் எனக்கு எப்போதும் ‘அவர்’. எழுதி முடித்துப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. மாற்றவில்லை, இருக்கட்டும்.)

ஆனால் நம்ம வாதத்தை ரயீஸின் மன்னிப்பு மேல் கட்டக்கூடாது. இடதுசாரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: மன்னிக்கிற பாதிக்கப்பட்டவரைப் பிடித்து போஸ்டரில் போட்டுவிடுவோம். அவர் மன்னித்தது அவர் நம்பிக்கை, அவர் அம்மா வளர்த்த விதம். மன்னிக்காத ஒரு மனைவி இருந்தால்? அவளிடம் போய் ‘ரயீஸைப் பாருங்க’ என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அன்று ராத்திரி அந்தப் பங்கில் நின்றது என் அப்பா என்றால், நான் ஸ்ட்ரோமன் சாக வேண்டும் என்றுதான் நினைத்திருப்பேன். என் கையாலேயே என்றுகூட. அந்த ஆத்திரம் எனக்கு உரிமையானது. அதை அரசாங்கம் என்னிடமிருந்து வாங்கி, ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, பத்து வருஷம் ஃபைலில் வைத்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் நிறைவேற்றுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம்ம இன்னொரு வழக்கமான வாதம், ‘நிரபராதி செத்துவிட்டால்?’ என்பது. நல்ல வாதம். பேரறிவாளன் விஷயத்தில் உண்மையும்கூட. 9 வோல்ட் பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை என்று, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-இல் வாய் திறந்தார். அவர் 1991-இல் செய்ததற்கும் அதைச் சொன்னதற்கும் நடுவில் தூக்குத் தேதியே வந்து போய்விட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தபோது நாம எல்லாரும் அற்புதம்மாள் படத்தை ஸ்டோரியில் போட்டோம். ஆனால் இந்த வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு நாள் மாட்டிக்கொள்வோம். கேமரா இருக்கு, ஒப்புதல் இருக்கு, சந்தேகமே இல்லை என்ற வழக்கில் என்ன சொல்வோம்? படேல் கொலை கடை கேமராவில் பதிவாகியிருந்தது.

2011 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? ஜார்ஜியாவில் டிராய் டேவிஸைக் கொன்ற நாள். சாட்சிகள் பலர் பின்வாங்கியும் கொன்றார்கள். உலகம் முழுக்க ‘நான்தான் டிராய் டேவிஸ்’ என்று அட்டை பிடித்தார்கள். அதே மாலை ஹன்ட்ஸ்வில்லில் இன்னொருவனையும் கொன்றார்கள்: லாரன்ஸ் ப்ரூவர். 1998-இல் டெக்சஸின் ஜாஸ்பரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வண்டியில் சங்கிலியால் கட்டி இழுத்துக் கொன்ற மூன்று நிறவெறியர்களில் ஒருவன். அவனுக்கு எந்த அட்டையும் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னது பேர்டின் சொந்த மகன். அந்தச் சாவுக்குப் பிறகு டெக்சஸில் நடந்த ஒரே மாற்றம், கைதிகளுக்குக் கடைசியாகக் கேட்ட சாப்பாடு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. ப்ரூவர் நிறைய கேட்டுவிட்டு எதையும் தொடவில்லை என்று ஒரு செனட்டருக்குக் கோபம்.

அன்று ஜார்ஜியா பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நமக்கும், 37-ஐக் கொண்டாடி 3-ஐ விட்ட நமக்கும் என்ன வித்தியாசம்?

பைடன் சொன்ன விதிவிலக்கைத் திரும்பப் படியுங்கள்: பயங்கரவாதம், வெறுப்பால் நடந்த கூட்டுக்கொலை. இரண்டாவது காதுக்கு நம்ம பாஷை மாதிரி இருக்கு. அதனால்தான் விழுங்கிவிட்டோம். முதல் சொல்லைத் தமிழர்கள் விழுங்கலாமா? 2015-இல் இந்திய சட்ட ஆணையமும் தன் 262-ஆவது அறிக்கையில் இதையேதான் சொன்னது: மரண தண்டனையை ஒழிக்கலாம், பயங்கரவாதக் குற்றங்களுக்கும் நாட்டுக்கு எதிரான போருக்கும் தவிர. அந்த ‘தவிர’வுக்குள்தான் நம்ம மூவர் இருந்தார்கள். தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும், ஒருவர் விடாமல், மரண தண்டனை கொடுத்தது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம், இதில் தடா குற்றமே நிரூபணமாகவில்லை என்றது. ஆனாலும் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்று நால்வரின் தூக்கை உறுதி செய்தது. விதிவிலக்கு என்ற கதவு திறந்திருந்தால் யார் பெயரை எழுதி உள்ளே தள்ளுவது என்பதை அரசு முடிவு செய்யும். நாம் இல்லை.

டெக்சஸ் கதவு இன்னும் விசித்திரம். இங்கே ஜூரிகள் மரண தண்டனைக்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த ஆள் எதிர்காலத்திலும் வன்முறை செய்து சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பானா? சட்டப் புத்தகத்திலேயே கிளி ஜோசியம். டுவேன் பக் என்ற கறுப்பினத்தவர் ஹூஸ்டனில் 1995-இல் இரண்டு பேரைக் கொன்றார். அதில் சந்தேகம் இல்லை. அவர் கறுப்பர் என்பதாலேயே எதிர்கால ஆபத்து கூடுதல் என்று ஒரு உளவியலாளர் கோர்ட்டில் சாட்சி சொன்னார், அதுவும் பக்கின் சொந்த வக்கீல் கூட்டிவந்த சாட்சி. அதைத் தப்பென்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2017 வரை ஆனது. குற்றம் செய்தவர்தான், ஆனாலும் அந்தத் தண்டனை அவர் செய்ததற்காக மட்டும் வந்ததில்லை. 1982-லிருந்து இந்த மாநிலம் 590 பேருக்கு மேல் கொன்றிருக்கிறது.

நியூஜெர்சி தோழர்களுக்கு இது தூரத்துப் பிரச்சினை. உங்க மாநிலம் 2007-லேயே ஒழித்துவிட்டது. பே ஏரியாக்காரர்களே, உங்களிடம் இருப்பது நியூசம் 2019-இல் போட்ட தற்காலிகத் தடை மட்டும்தான். அடுத்த ஆளுநர் ஒரு கையெழுத்தில் எடுக்கலாம். டெக்சஸில் நாங்க ஒவ்வொரு தேதிக்கும் ஆளுநர் அலுவலகத்துக்கு ஃபோன் போடுகிறோம். நம்ம அழைப்புக் குறிப்பில் முதல் வரி ‘இவர் குற்றமற்றவராக இருக்கலாம்’ என்றுதான் தொடங்குகிறது. அப்படிச் சொல்ல முடியாத கைதிகளுக்கு நாம ஃபோனே போடுவதில்லை. போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் அந்த வரியை எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறேன். நிரபராதி என்றால் அதை இரண்டாவது வரியில் சொல்லலாம். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். சார்ல்ஸ்டனில் உறவை இழந்த ஒருவர் கேட்டால் என்ன சொல்வாய் என்று ஒரு தோழி ஏற்கனவே கேட்டுவிட்டாள். அவரிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நான் ஃபோன் போடுவது ஆளுநருக்கு என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

இதை அனுப்புவதற்கு முன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். பாதி ராத்திரியில் பதில் வந்தது: “2011 விஷயம் நீ சொன்னது சரிதான்மா. ஆனா அந்த ரூஃப் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வா, பேசலாம். அம்மா மீன் வாங்கப் போறா.”