மேனியின் பொலிவும் அடுக்களையும்

பாபிலோன் அரண்மனையில் வளர்க்கப்பெற்ற தானியேலும் அவர்தம் தோழர் மூவரும் அரசனது உணவை மறுத்துக் காய்கறியும் தண்ணீரும் மட்டுமே வேண்டினர் எனத் திருநூலில் படிக்கிறோம். பத்து நாள் கழிந்தபின் மற்ற இளைஞர்களைவிட அவர்கள் முகமே களையுடன் விளங்கிற்றாம். இறைவன்பால் அவர்கள் கொண்ட பற்றுறுதியின் பயனாகவே திருநூலாசிரியர் இதனைக் கூறுகிறார். ஆயினும், உண்பது முகத்தில் தெரியும் என்பதை அக்கால மக்களும் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாறு உருக்கமானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்னும் நோய் ஏழைகளை வாட்டியது. வெயில்படும் இடங்களில் தோல் சிவந்து, கறுத்து, செதில் செதிலாக உரியும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போல் படரும். வயிற்றுப்போக்கும் சித்தப்பிரமையும் தொடரும், சாவும் நேரும். பலரும் இதனைத் தொற்றுநோய் என்றே அஞ்சினர். 1914-இல் இதனை ஆராயச் சென்ற டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கர், அநாதை இல்லங்களில் பிள்ளைகளைப் பற்றிய நோய், அவர்களுடன் பழகிய பணியாளரைப் பற்றவில்லை எனக் கண்டார். பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் பயறும் இறைச்சியும் கொடுக்கச் செய்தார், நோய் அகன்றது. மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பிய வறிய உணவே நோய்க்குக் காரணம். அவ்வுணவில் குறைந்திருந்தது நியாசின் என்னும் உயிர்ச்சத்து என்பது 1937-இல் தெளிவாயிற்று.

இந்நோய் இன்று நம்மிடையே அரிது. எனினும், மதுவுக்கு அடிமையாகி உணவை மறந்தோரிடம் இன்றும் தோன்றக் கூடும். வேறு குறைகளையும் மேனி காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணின் முகம் வெளிறும். போதிய சத்துணவு பெறாத குழந்தையின் முழங்கையும் முழங்காலும் தவளைத் தோல்போல் சொரசொரக்கும். முருங்கைக்கீரை, பப்பாளி, நெல்லிக்காய், நிலக்கடலை, பயறு, முட்டை, சிறு மீன் ஆகியன எளியோர் வீட்டிற்கும் எட்டுபவை. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அதன் சத்து உடலில் நன்கு சேரும். உணர்ச்சியற்ற தேமல் தோன்றினாலோ, உணவைக் கருதாது உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

அன்பார்ந்த பெற்றோரே, நம் குடும்பங்களில் நாம் காணும் ஒன்றைச் சொல்லாது விடுதல் தகாது. பெண் பார்க்க வருவோர் நிறத்தைக் குறை கூறுவரே என அஞ்சி, மகளுக்குச் சிவப்பழகுக் களிம்பு வாங்குகிறோம். அதே வீட்டில் முட்டையும் மீன் துண்டும் ஆண்மக்களுக்கு முதலில் போகின்றன; தாயும் மகளும் இறுதியில் சட்டியை வழித்து உண்கின்றனர். நிறம் இறைவன் தந்த கொடை. எவ்வுணவும் அதனை மாற்றாது, மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் மகளின் வெளிறிய முகமும் வறண்ட தோலும் இறைவன் தந்தவை அல்ல; பல வேளைகளில் அவை நாம் பங்கிட்ட முறையால் வந்தவை.

உடல் தூய ஆவியின் ஆலயம் என்கிறார் புனித பவுல். அவ்வாலயத்தின் சுவருக்கு வெள்ளையடித்து, உள்ளே விளக்கிற்கு எண்ணெய் வார்க்காது விடலாமா? இல்லத்தார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து, உள்ளதைச் சமமாகப் பகிர்ந்து உண்போமாக. நற்கருணைப் பந்தியில் வேற்றுமையின்றி அமரும் நமக்கு இது இயலாததன்று.