பாடும் மீனும் சுடும் சொறியும்

மட்டக்களப்பு நாட்டினரை மீன்பாடும் தேனாட்டார் என்று பிறர் அழைக்கக் கேட்டு மகிழ்பவர் நாம். நிலாக் காலத்து இரவில் கல்லடி வாவியில் எழும் அவ்விசையைப் பற்றி எழுதியவர் பலர். பேசியவர் மிகப் பலர். ஆயின், வாவிக்கு மறுபுறத்தே கடலில் மிதந்து வந்து நம் பிள்ளைகளின் காலைச் சுடும் ஓர் உயிரைப் பற்றி நாம் பேசுவது அரிது. இக்கிழமை அதனைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. யாம் கற்ற கல்வி ஒரு மாலைப்பொழுதில் எம்மைக் கைவிட்டது. அக்கதையை மறைக்காது சொல்லிவிடுதல் பிறர்க்குப் பயன் தரும் என்று கருதுகின்றோம்.

குருக்கள்மடம் இரு நீருக்கு இடைப்பட்ட ஊர். மேற்கே சென்றால் அம்பிளாந்துறைக்குத் தோணி ஏறும் வாவிக்கரை; கிழக்கே சென்றால் வங்காள விரிகுடா. இவ்விரண்டுக்கும் நடுவே கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு. இவ்வளவு அண்மையிற் கடல் இருந்தும், அதனை அறிந்தவர் நம்மிற் கரைவலை இழுப்போர் மட்டுமே என்று சொல்லலாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்த பின்னர், பிள்ளைகளைக் கடற்பக்கம் விடுவதற்கே நம்மிற் பலர் அஞ்சினோம். அச்சம் இயல்பானதே. ஆயினும், அவ்வச்சத்தோடு கடலைப் பற்றிய அறிவும் வீட்டைவிட்டு அகன்றதை நாம் கவனிக்கவில்லை.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் எம் தங்கை குடும்பத்துடன் இலண்டனிலிருந்து வந்திருந்தாள். பதினொரு வயது மருமகனுக்குக் கடலிற் குளிக்க வேண்டுமென்ற ஆசை. பகலெல்லாம் வீசிய கச்சான் காற்று ஓய்ந்து, பிற்பகலிற் கடற்காற்று தொடங்கிய வேளையில் அவனை அழைத்துச் சென்றோம். அலை அடங்கியிருந்தது. இடுப்பளவு நீரில் நின்று விளையாடிக் கொண்டிருந்தவன், திடீரென “மாமா!” என்று அலறினான். தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து பார்த்தால், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சவுக்கால் அடித்தாற்போன்று செந்நிறத் தழும்புகள். கண்ணாடி நூல் போன்ற ஏதோ ஒன்று தோலில் ஒட்டியிருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வரும் யாம் செய்தது யாது? ஈரமணலை அள்ளி அவன் காலைத் தேய்த்தோம்! கூட நின்ற உறவினர் போத்தலிலிருந்த குடிநீரை ஊற்றினார். பிள்ளையின் அலறல் முன்னிலும் இருமடங்காயிற்று. அப்போது சற்றுத் தொலைவில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடி வந்தார்.

“மண்ணால உரஞ்சாதீங்க சேர்! நல்ல தண்ணியும் ஊத்தாதீங்க. உரஞ்ச உரஞ்சக் கூடத்தான் செய்யும்.”

வாளியிற் கடல்நீரை மொண்டு வந்து மெல்ல ஊற்றினார். ஓர் ஈர்க்கை எடுத்து, ஒட்டியிருந்த நூலைக் கை படாமல் நீக்கினார். “பயப்படாத மனே, சொறிதான் சுட்டிருக்கு” என்று பிள்ளையைத் தேற்றினார். வீட்டுக்குச் சென்றதும் எமக்குப் பழக்கமான வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் வினவினோம். காலைக் கை பொறுக்கும் சுடுநீரில் இருபது நிமிடம் வைக்கச் சொன்னார். நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ தோன்றினால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுவரவேண்டும் என்றும் எச்சரித்தார். அத்தகைய குறி எதுவும் தோன்றவில்லை. இரவு ஒன்பது மணியளவில் நோவு தணிந்து பிள்ளை உறங்கினான். எமக்குத்தான் உறக்கம் வரவில்லை.

முதியவர் சொன்னது ஏன் சரி, யாம் செய்தது ஏன் பிழை என்று அறியும் ஆவலில் மறுநாள் முதல் நூல்களைத் தேடினோம். நம் வலைஞர் சொறி என்றும், நூலோர் இழுது மீன் என்றும், செய்தித்தாள்கள் ஜெல்லி மீன் என்றும் வழங்கும் இவ்வுயிர் உண்மையில் மீனே அன்று. முள்ளில்லை, செதிலில்லை, மூளையுமில்லை. உடலிற் பெரும்பங்கு நீரே. குடை போன்ற உடலின் கீழே தொங்கும் இழைகளில் எண்ணிறந்த நுண்ணிய கொட்டும் உறைகள் உள்ளன. ஒவ்வோர் உறையினுள்ளும் நஞ்சு தோய்ந்த நூலொன்று சுருண்டு கிடக்கிறது. மீனோ மனிதனோ தொட்ட கணத்தில் உறை வெடித்து, நூல் ஈட்டி போற் பாய்ந்து தோலைத் துளைக்கும். கண் இமைக்கும் நேரத்தினும் மிகச் சிறிது அதற்கு வேண்டிய நேரம்.

இங்கே நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தோலில் ஒட்டிய இழையின் உறைகள் எல்லாம் ஒரே வேளையில் வெடிப்பதில்லை. வெடியாதன பல எஞ்சி நிற்கும். மணலால் தேய்த்தால் அவ்வழுத்தம் அவற்றை வெடிக்கச் செய்யும். உப்பில்லாத நன்னீரை ஊற்றினாலும், உப்பின் அளவு மாறுவதால் அவை வெடிக்கும். எனவே, கொட்டியது சொறியாயினும், கொட்டை இருமடங்காக்கியது எம் கையே! கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறிக்கும் இது பொருந்தும். உயிர் போன பின்னும் உறைகள் வேலை செய்யும். ஆதலின் சிறுவர் அதனைக் காலால் உதைத்து விளையாடலாகாது.

சொறிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பெரும்பாலானவற்றின் கொட்டு சில மணிநேர நோவோடு ஒழியும். நீலநிறக் காற்றுப்பையோடு நீர்மேல் மிதக்கும் ‘போர்த்துக்கேயப் போர்க்கப்பல்’ என்பது இன்னொரு வகை. அது தனியோர் உயிரன்று. பல உயிர்கள் கூடி வாழும் கூட்டம். பாய்மரக் கப்பல் போலக் காற்று தள்ளிய திசையிற் செல்வது. ஆதலின் காற்றுக் கரைநோக்கி வீசும் நாள்களிற் கூட்டமாக வந்து ஒதுங்கும். அதன் இழைகள் 10 மீற்றருக்கு மேலும் நீளக்கூடுமாகையால், பையைக் கண்டு விலகிவிட்டோம் என்று எண்ணியவனும் கொட்டுண்பான்.

எல்லாவற்றினும் கொடியது பெட்டி வடிவச் சொறி. 1955 ஜனவரியில், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையிலுள்ள கார்ட்வெல் என்னுமிடத்தில் ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் ஆழமில்லாத நீரிற் கொட்டுண்டு உயிரிழந்தான். டாக்டர் ஹியூகோ ஃபிளெக்கர் அவ்விடத்தே வலையிட்டுத் தேடுவித்து, அதுவரை அறிவியலுக்குத் தெரியாதிருந்த பெட்டிச் சொறியொன்றைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவ்வினம் சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்தவல்லது. தாய்லாந்தின் விடுமுறைத் தீவுகளிலும் பெட்டிச் சொறியால் உல்லாசப் பயணிகள் சிலர் மாண்டுள்ளனர். பெட்டிச் சொறிகளுள் வேறு சில இனங்கள் நம் வங்காள விரிகுடாவிலும் உள. ஆகவே, “நம் கடலில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லுதல் அறிவுடைமையன்று.

ஒருமுறை கொட்டுண்டவர் மறுமுறை கூடுதலாகக் கவனம் கொள்ளவேண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1901 இல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேர்ட்டின் கப்பலிற் சென்ற ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மேற்கூறிய போர்க்கப்பற் சொறியின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பின்னர்ப் பாரிசில் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தபோது, முதன்முறை தாங்கிய விலங்கு, சில கிழமை கழித்து மிகச் சிறிய அளவு நஞ்சுக்கே மடிந்ததைக் கண்டு வியந்தனர். கடும் ஒவ்வாமை அதிர்ச்சி என்று இன்று நாம் அறிவது அதுவே. அதன் பொருட்டு 1913 இல் ரிஷேக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவ உலகின் பெரியதோர் உண்மை சொறியைத் தேடிச் சென்ற பயணத்திற் பிறந்ததென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, கொட்டுண்டவர்க்குச் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, அலறாமல், பதறாமல் நீரைவிட்டு வெளியேறுதல். கொட்டினால் இறப்போரினும், கொட்டின் அதிர்ச்சியால் நீரில் மூழ்கும் ஆபத்துக்கு ஆளாவோர் உண்டு. இரண்டாவது, தேய்க்காமல் கடல்நீரால் கழுவுதல். மூன்றாவது, ஒட்டிய இழைகளைச் சாவணத்தாலோ ஈர்க்காலோ நீக்குதல்; வெறுங்கை ஆகாது. நான்காவது, 45 பாகை அளவான சுடுநீரில் இருபது நிமிடம் வைத்தல். நீரின் சூட்டைப் பெரியவர் ஒருவர் தம் கையால் முதலிற் பார்க்க வேண்டும், இல்லையேல் கொட்டுப் புண்ணோடு சுட்ட புண்ணும் சேரும். சிறுநீர் ஊற்றுதல், சாராயம் தடவுதல் ஆகியன வேண்டா. வினாகிரி பெட்டிச் சொறிக்கு உரிய முதலுதவி. வேறு சில இனங்களுக்கு அதுவே தீங்காகலாம் என்பர். மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், முகத்திலோ கண்ணிலோ கொட்டினும், கொட்டுண்டது சிறு குழந்தையாயினும், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

2009 இல் போர் ஓய்ந்த பின்னர், பாசிக்குடாவில் விடுதிகள் பல எழுந்தன. வெளிநாட்டாரும் நம் உறவினரும் கடலாட வருகின்றனர். வருகை நன்றே, நம் இளைஞர்க்குத் தொழிலும் கிடைக்கிறது. ஆனால், விருந்தினரை அழைப்போர்க்கு ஒரு கடமையும் உண்டு. 2020 நவம்பரில் கோவாவின் கடற்கரைகளில் இரண்டே நாள்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் சொறியாற் கொட்டுண்டனர். அங்கே உயிர்காப்போர் கரையில் நின்றமையால் உடனே முதலுதவி கிடைத்தது. வட அவுஸ்திரேலியாவில் சொறி மிகும் மாதங்களிற் கடலுக்குள் வலையிட்டு, கரையில் எச்சரிக்கைப் பலகை நாட்டி, அதன் அருகே வினாகிரிப் போத்தலும் வைக்கின்றனர். தாய்லாந்தும் இப்போது அவ்வாறே செய்கிறது.

நாம் கேட்பது பெரிதன்று. மக்கள் நீராடும் ஒவ்வொரு கரையிலும் மூன்று மொழிகளிலும் எழுதிய ஒரு பலகை. அதன்மேல், மேற்சொன்ன நான்கு வரிகள். பாடசாலைகளில் விடுமுறைக்கு முந்திய நாள் ஐந்து நிமிடப் பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலில் இறங்குமுன் கரையில் நிற்கும் வலைஞர் ஒருவரிடம், “இன்றைக்குச் சொறி இருக்கிறதா, ஐயா?” என்று ஒரு கேள்வி. வலையில் ஏறியதை அவர் காலையிலேயே கண்டிருப்பார். கேட்போர் இல்லாமையாலேயே அவர் சொல்வதில்லை. அன்று யாமும் கேட்கவில்லை.

இலண்டனுக்குத் திரும்புமுன் மருமகன் மீண்டும் கடலுக்குப் போகவேண்டும் என்றான். தங்கை முகம் சுருங்கினாள். யாம் அழைத்துச் சென்றோம். இம்முறை எம் பையில் ஒரு சாவணம் இருந்தது. வீட்டு அடுப்பில் நீர் ஏற்றிவைக்கச் சொல்லியும் வந்திருந்தோம். நீரில் கால் வைக்குமுன், பிள்ளை தானாகவே அம்முதியவரிடம் ஓடிச் சென்று வினவினான். அவர் கடலை ஒருகால் நோக்கிவிட்டு, “இன்றைக்கு இல்லை மனே, போ” என்று கையசைத்தார்.