கண்ணுக்கு ஊசி... ஹார்ட்டுக்கு ஆபத்தா?

'கண்ணுல ஊசி போட்டா ஹார்ட் அட்டாக் வருமாமே... நான் வரலை'ன்னு உங்க அப்பாயி அடம்பிடிச்சா என்ன சொல்வீங்க? குன்னத்துல பஸ் ஏறி, பெரம்பலூர்ல மாறி, திருச்சி கண்ணாஸ்பத்திரிக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது லீவுக்கு வந்த நீங்கதான். ஸோ, கொஞ்சம் கவனிங்க.

வயசானா விழித்திரையோட நடுப்பகுதியான 'மாக்குலா' சிலருக்குப் பழுதாகும். அதுல ஒரு வகை ரொம்ப ஆபத்து. அடியில புதுசா ரத்தக்குழாய்கள் முளைச்சு, ஓட்டை பைப் மாதிரி கசியும். நேர்கோடு வளைஞ்சு தெரியும். எதிர்ல நிக்கறவங்க முகம் மங்கும். அந்தக் குழாய்களை வளர்க்கற புரதத்தைத் தடுக்கத்தான் இந்த ஊசி. ரனிபிஸுமாப், பெவாசிஸுமாப்னு வாயில நுழையாத பேருங்க!

சிக்கல் என்னன்னா, மருந்துல துளியூண்டு ரத்தத்துலயும் கலக்கும். அந்தப் புரதமோ உடம்பு முழுக்கத் தேவை. அதனால அப்பாயியோட பயம் வெறும் வதந்தி இல்லை. ரனிபிஸுமாப் பத்தின அமெரிக்க மருந்துக் குறிப்புலயே கணக்கு இருக்கு. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ரத்தக்குழாய் கோளாறால மரணம்... எல்லாம் சேர்த்து முதல் வருஷம் ஊசி போட்ட 874 பேர்ல 17 பேருக்கு, போடாத 441 பேர்ல 5 பேருக்கு. அதாவது 1.9%, 1.1%. ஆனா ரெண்டாம் வருஷம் 2.6%, 2.9%னு அப்படியே தலைகீழ்! வித்தியாசம் சின்னது, உறுதியாவும் இல்லை.

இப்ப அடுத்த பக்கம். 2006-ல வந்த 'மெரினா' ஆய்வு (நம்ம பீச் இல்லீங்க!) சொல்றது இது: ஒரு வருஷம் கழிச்சும் பார்வை பெருசா குறையாம தப்பிச்சவங்க, ஊசி போட்டவங்கள்ல 100-க்கு சுமார் 95 பேர். போடாதவங்கள்ல 62 பேர்தான்.

அதனால பயந்து வீட்டுல உக்காரவும் வேணாம், 'கண்ணுக்கு வந்த இடத்துல நெஞ்சுவலிக் கதை எதுக்கு'ன்னு மறைக்கவும் வேணாம். ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் எப்ப வந்துச்சு, பி.பி., சுகர் எவ்வளவு, என்னென்ன மாத்திரைன்னு எல்லாத்தையும் டாக்டர்கிட்ட கொட்டிடுங்க. சமீபத்துல வந்திருந்தா, இதய டாக்டரையும் கேட்டுட்டு முடிவு பண்ணுவாங்க. ஊசிக்காக ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அப்புறம் நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல்னா உடனே 108. கண் வலிச்சு சிவந்தா உடனே கண் டாக்டர்.

அடுத்த லீவுக்கு நீங்க வாசல்ல வந்து நிக்கும்போது, குரலை வச்சு இல்லாம, முகத்தைப் பார்த்தே 'வா கண்ணு'ன்னு அவங்க கூப்பிடணும்ல?