அன்பின் வேஷம்

அமெரிக்கா தேசத்தில் பிப்ரவரி மாதம் பிறந்தால் ரோஜாப் பூவுக்குக் கிராக்கி அதிகம். மாதத்தின் நடுவில் காதலர் தினம் வருகிறதல்லவா? அதே பிப்ரவரி மாதத்தை அந்நாட்டார் வேறொரு காரியத்திற்காகவும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காதல் என்ற பெயரால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பெண்களும் துன்புறுத்தப்படுவதைப் பற்றி ஜனங்களுக்கு எச்சரிக்கை செய்யும் மாதமாக, 2010-ம் வருஷம் முதல் அதை அனுசரித்து வருகிறார்கள். பூ வியாபாரத்தைப் போல இந்தக் காரியம் லாபம் தராது. ஆனாலும் பெற்றோர்கள் இதைக் கவனித்தே ஆகவேண்டும்.

"அது அந்த ஊர் வியாதி, நமக்கு என்ன வந்தது?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நம் ஊர்களிலும் பிள்ளைகளும் பெண்களும் சேர்ந்து படிக்கிறார்கள், டியூஷனுக்குப் போகிறார்கள், கைபேசியில் இரவெல்லாம் செய்தி அனுப்புகிறார்கள். அங்கே பெற்றோருக்குத் தெரிந்து நடப்பது இங்கே பெரும்பாலும் தெரியாமல் நடக்கிறது. இருட்டில் நடப்பதனால் அபாயம் குறைந்துவிடுமா? கூடத்தான் செய்யும்.

அமெரிக்கச் சர்க்காரின் சுகாதார இலாகா 2013-ம் வருஷத்தில் ஹைஸ்கூல் மாணவர்களிடம் ஒரு விசாரணை நடத்திற்று. அப்படிப் பழகி வந்த பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர், முந்திய 12 மாதங்களுக்குள் தம் துணைவனால் அடியோ பலாத்காரமோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். பிள்ளைகளிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் இவ்விதம் துன்பம் அனுபவித்ததாகத் தெரிவித்தார்கள். ஐந்து பெண்களில் ஒருத்தி! அவர்கள் எல்லோரும் நம் வீட்டுக் குழந்தைகளைப் போலப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவர்கள்தான்.

இந்தக் கொடுமை முதல் நாளே அறையுடன் ஆரம்பிப்பதில்லை. "அவனுடன் ஏன் பேசினாய்?" என்ற கேள்வியுடன் ஆரம்பிக்கிறது. பிறகு, கைபேசியின் ரகசியச் சொல்லைக் கொடு என்கிறான். இந்தச் சிநேகிதியை விட்டுவிடு என்கிறான். இன்ன உடை உடுத்தாதே என்கிறான். பெண்ணோ, "என்மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் இவ்வளவு பொறாமைப்படுவான்!" என்று மனத்திற்குள் மகிழ்ந்து போகிறாள். கட்டுக்காவல் அன்பின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருவதால் அதை அடையாளம் கண்டுகொள்வது கஷ்டமாயிருக்கிறது.

எந்தக் குழந்தைகள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள் என்று பல வருஷங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். தாயும் தகப்பனும் கைகலப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள், ஓயாமல் அடிபட்டு வளர்ந்தவர்கள், மனச்சோர்வினால் வாடுகிறவர்கள், சிறு வயதிலேயே மதுவைத் தொட்டவர்கள் ஆகியோருக்கு அபாயம் அதிகம். தோழர்கள் கையோங்குகிறவர்களாயிருந்தால் இவனுக்கும் அது சகஜமாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "அவள் செய்ததற்கு ஓர் அடி கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் மனத்தில் ஊறியிருப்பது பெரிய அபாயம். ஆயினும் இவையெல்லாம் தலையெழுத்து அல்ல. சண்டைக்கார வீட்டில் பிறந்தும் சாதுவாக வளர்ந்த பிள்ளைகள் ஏராளமாக உண்டு.

இதற்கு ஆராய்ச்சிப் புத்தகங்களைத்தான் புரட்டவேண்டும் என்பதில்லை. காந்தி மகாத்மா 1925-ம் வருஷம் முதல் தாமே எழுதி வெளியிட்ட சுயசரிதத்தைப் பார்க்கலாம். பதின்மூன்று வயதில் அவருக்கு விவாகம் நடந்தது. மனைவியிடம் உண்மையாக இருக்கவேண்டும் என்று ஒரு சிறு பிரசுரத்தில் படித்தார். அப்படியானால் அவளும் தம்மிடம் உண்மையாக இருக்கிறாளா என்று காவல் காக்கவேண்டும் என்று அந்தச் சிறுவர் முடிவு கட்டினார்! தம் அனுமதியின்றிக் கஸ்தூரிபாய் கோயிலுக்கும் போகக்கூடாது, தோழிகளைப் பார்க்கவும் கூடாது என்றார். ஒரு சிநேகிதன் வேறு சந்தேகத்தைத் தூபம் போட்டு வளர்த்தான். அந்தச் சிநேகிதனுடைய பேச்சைக் கேட்டு மனைவியைத் துன்புறுத்தியதற்காகத் தம்மை ஒருபோதும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை என்று பின்னாளில் மகாத்மா எழுதினார். கஸ்தூரிபாயோ கட்டளைக்குப் பணியவில்லை. விரும்பியபோது விரும்பிய இடத்துக்குப் போய்வந்தார். பொறாமை, சந்தேகம், தூண்டிவிடும் சிநேகிதன் ஆகிய மூன்றும் இன்றைய ஆராய்ச்சிக்காரர்களின் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. மகாத்மாவாகப் பின்னால் வளர்ந்தவரையே அந்த வயதில் அவை ஆட்டி வைத்தன என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிடுமா?

பிள்ளைகள் இதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நல விசாரணையில், ஏதேனும் ஒரு காரணத்திற்காகப் புருஷன் மனைவியை அடிப்பது நியாயம் என்று நூற்றுக்கு ஏறக்குறைய 45 பெண்களும் 44 ஆண்களும் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களில் பாதிப்பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் இப்படி நினைக்கும்போது, கூடத்தில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் வேறு என்ன விழும்? போதாக்குறைக்கு நமது சினிமாக் கதாநாயகன் இருக்கிறான். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத் தெருவாகத் துரத்தி, கடைசி ரீலில் அவள் கையைப் பிடிக்கிறான். சட்டம் இதைக் காதல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஓயாமல் பின்தொடர்வது 2013-ம் வருஷத்திலேயே தனிக் குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 78-வது பிரிவும் அதையே சொல்கிறது.

இனி, பெற்றோர்களிடம் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மிரட்டுகிறவனிடம் இருக்கும் ஆயுதங்களில் மிகக் கூர்மையானது, "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்பதுதான். "இந்தப் படத்தை உன் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறான். பெண் நடுநடுங்கிப் போய் அவன் சொன்னதையெல்லாம் கேட்கிறாள். அவளுக்கு அவனிடத்தில் இருக்கும் பயத்தைவிட நம்மிடத்தில் இருக்கும் பயம் அதிகம். அந்த ஆயுதத்தை அவன் கையில் கொடுத்தவர்கள் யார்? படிப்பை நிறுத்திவிடுவோம், அவசரமாகக் கல்யாணம் செய்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாம்தான். வீட்டிலே சொன்னால் முதலில் காது கொடுத்துக் கேட்பார்கள், கோபம் பிறகுதான் வரும் என்ற நம்பிக்கை பெண்ணுக்கு இருந்தால் அந்த மிரட்டல் செல்லாக் காசாகிவிடும். இதற்காகக் குழந்தைகளின் காதலை நாம் ஆமோதிக்கவேண்டும் என்பதில்லை. ஆமோதிப்பது வேறு, ஆபத்தில் கைகொடுப்பது வேறு.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பி வருவது ஆண்மைக்கு இழுக்கல்ல என்று மகனுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கிறோமா? அவன் தோற்றுப்போய் வந்து அழுதால் பரிகசிக்காமல் ஆறுதல் சொல்கிறோமா?

கற்றுக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் 14 பள்ளிக்கூடங்களில் எட்டாவது, ஒன்பதாவது வகுப்பு மாணவர்களைக் கொண்டு, 1994-ம் வருஷம் போஷீ என்ற பேராசிரியை ஒரு பரீட்சை ஆரம்பித்தார். சில பள்ளிகளில் ஒரு நாடகம், பத்து வகுப்புகள், ஒரு சித்திரப் போட்டி, அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோதும், இந்தப் பாடம் கற்ற குழந்தைகளிடையே அடிதடி குறைவாகவே இருந்தது. நமது பள்ளிகளில் இதற்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் கணக்குப் பாடம் ஒன்றும் கெட்டுப் போகாது. துன்பத்தில் இருக்கும் குழந்தைகள் 1098 என்ற எண்ணில் டெலிபோன் செய்து உதவி கேட்கலாம் என்பதையும் அப்போதே சொல்லிவைக்கலாம்.

அகிம்சையைக் கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தையே அசைத்த தேசம் இது. அந்த அகிம்சை நம் வீட்டுக் கூடத்திலும் நடமாடட்டும். இன்று இரவு சாப்பாடு ஆனபிறகு, அதட்டாமல் குழந்தைகளுடன் அரைமணி நேரம் பேசிப் பாருங்கள்.