விழுவது விதியல்ல

"என்னங்க செய்யிறது, வயசாயிருச்சில்ல, விழத்தான் செய்யும்." மந்தின் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர் யாராவது வழுக்கி விழுந்தால் நாம் சொல்லும் வழக்கமான ஆறுதல் இது. இந்த ஆறுதல் வார்த்தையைத்தான் நாம் முதலில் கைவிட வேண்டும் என்கிறோம்.

இன்று எழுபதைத் தாண்டியிருப்பவர்கள் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மலைக்காட்டில் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டியவர்கள். தோளில் காண்டாக் கம்பு, இரு பக்கமும் பால் வாளி, காலடியில் வழுக்கும் மண். ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் ஸ்டோர் வரை கொண்டு சேர்த்த கால்கள் அவை. அந்தக் கால்கள் இன்று வீட்டுக் குளியலறையில் தடுமாறுகின்றன என்றால், வயதை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 684,000 பேர் கீழே விழுந்து உயிர் விடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இடுப்பெலும்பு முறிந்து படுத்த பெரியவர்களில் பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை. பிழைத்தவர்களும் பயத்தினால் மூலையில் உட்கார்ந்து விடுகிறார்கள். உட்கார உட்காரக் கால் பலம் குறைகிறது. பலம் குறையக் குறைய மறுபடி விழுகிறார்கள்.

காரணங்கள் நம் கண் முன்னே இருக்கின்றன. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப் போகிறது. கால் எங்கே படுகிறதென்றே தெரிவதில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையும் தூக்க மாத்திரையும் சிலருக்குத் தலைச்சுற்றலைக் கொடுக்கும். கண்புரை படியை மறைக்கும். தேய்ந்த ஜப்பான் சிலிப்பர், பாசி பிடித்த சிமிந்தித் தரை, வாசலில் நழுவும் சாக்கு, இருட்டில் குளியலறைக்குப் போகும் நடை, இவற்றோடு தண்ணி போடும் பழக்கமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 1990-களில் வயதானவர்கள் வீட்டிலேயே செய்யும்படி ஒரு பயிற்சி முறையை வகுத்தார்கள். வாரம் மூன்று நாள் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி, அதோடு நடை. செய்தவர்கள் விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எண்பது வயது தாண்டியவர்களுக்கும் பலன் கிடைத்தது. அதாவது, கால் பலம் போனால் போனதுதான் என்பது பொய்.

நம் வீட்டிலும் தொடங்கலாம். சுவரோடு ஒட்டிப் போட்ட ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கை ஊன்றாமல் மெல்ல எழுந்து உட்காருங்கள். பத்துத் தடவை போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு காலுக்கு நேர் முன்னே மறு காலை வைத்துப் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து, தலை தெளிந்த பின் நில்லுங்கள். மாத்திரையால் தலை சுற்றினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிலாய்க்கும் சிரம்பானுக்கும் வேலைக்குப் போகுமுன், குளியலறைத் தரையைத் தேய்த்து விட்டீர்களா, இரவு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். திட்டுவார்கள் என்று பயந்து, விழுந்ததை மறைக்கும் பாட்டிமார் நிறையப் பேர். "ஏன் பாட்டி விழுந்தீங்க?" என்று அதட்டாமல், "எப்படி விழுந்தீங்க, எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். விழுந்து கிடப்பவரைச் சட்டென்று இழுத்துத் தூக்காதீர்கள். காலை அசைக்க முடியவில்லை என்றால் அப்படியே விட்டு 999-க்குப் போன் செய்யுங்கள்.

நிர்வாகங்களுக்கும் கடமை உண்டு. தொழிலாளர் குடியிருப்புக்கென 1990-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்து, 2019-இல் திருத்தமும் கண்டது. குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, படியோரம் ஒரு விளக்கு, உடைந்த கால்வாய்க்கு ஒரு மூடி: இவை பெரிய செலவல்ல. தோட்டத்தை வளர்த்தவர்களுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா? தொழிற்சங்கத் தலைவர்களும் கோயில் கமிட்டியாரும் இதைக் கூட்டாகக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கோயிலில் கூடும் பெரியவர்கள், பூஜைக்கு முன் கால் மணி நேரம் சேர்ந்து இந்தப் பயிற்சியைச் செய்யலாமே. நம் தாத்தா பாட்டிமார் கடைசிவரை தங்கள் காலிலேயே நடக்க வேண்டும். அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்குவோம்.