கடுகு வடக்கத்திப் பயிர்தானேன்னு சும்மா இருக்கலாமா?



"கடுகு நமக்குத் தாளிக்கத்தானே, அதுக்கு எதுக்குப் போராட்டம்?" என்று நம் சங்கத்துக்காரர்களே கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் விதை யார் கையில் இருக்கணும் என்ற கேள்விக்கு வடக்கு, தெற்கு கிடையாது.

டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய மரபணு மாற்றுக் கடுகு டி.எம்.எச்.11. நம் நாட்டு வருணா ரகத்தோடு கிழக்கு ஐரோப்பிய வழி வந்த கடுகைச் சேர்த்த வீரிய ஒட்டு. கடுகுப்பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும், ஒட்டுச் சேர்ப்பது கஷ்டம். அதனால் மண் பாக்டீரியாவின் மரபணுவை நுழைத்து ஒரு பக்கத்து ஆண் தன்மையை மலடாக்கினார்கள். கூடவே களைக்கொல்லி அடித்தாலும் சாகாத குணத்தையும் ஏற்றினார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு இதற்குப் பச்சைக்கொடி காட்டியது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அந்த அனுமதி செல்லாது என்றார், இன்னொருவர் செல்லும் என்றார்.

வருணாவைவிட 28 சதவீதம் கூடுதல் மகசூலாம்! 1970களில் வந்த கிழட்டு ரகத்தோடு பந்தயம் வைத்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?

அது கிடக்கட்டும். வீரிய ஒட்டில் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்துப் பாருங்க. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். வருஷா வருஷம் கடைக்காரன்கிட்டதான் நிற்கணும். (மரபணு மாற்றாத ஒட்டு விதைக்கும் இதே கதிதான், அதையும் சொல்லிடணும்.) ஊரெல்லாம் ஒரே விதை என்றான பிறகு புது நோய் வந்தால், அதைத் தாங்குகிற குணத்தை எங்கே போய்த் தேடுவது?

தேட இடம் இருந்ததால் பிழைத்த கதை நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்து டி.கே.எம்.6 குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை எடுத்துச் சேர்த்துத்தான் ஐ.ஆர்.20 வந்தது. நம்ம அப்பாமார் வண்டி வண்டியாய் அறுத்த ஐ.ஆர்.20-இல் பாதி திருவள்ளூர் ரத்தம்! 1970களில் புல்தழைக் குட்டை நோய் வந்தபோது 6,000-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சலித்தும், உத்தரப்பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்தான் எதிர்ப்புக் கிடைத்தது. களை என்று நாம் பிடுங்கி எறிகிற நெல்!

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்குப் போனது போக மிச்சமிருக்கிற நிலத்திலாவது பல விதை நிற்கணும். விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க 2001-ஆம் ஆண்டுச் சட்டமே நமக்கு உரிமை தந்திருக்கு. பிராண்டு பேர் போட்டு விற்கத்தான் கூடாது.

மரபணு மாற்றுக் கடுகு வேண்டாம், வட்டாரத்துக்கு ஒரு நாட்டு விதை வங்கி வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொடுங்க. வரும்போது வீட்டில் இருக்கிற பழைய நெல் விதையில் ஒரு படி எடுத்து வாங்க.