குறைவாகப் பேசும் விவசாயிக்கு ஏற்ற ரீசார்ஜ் எது?

சிறு விவசாயியின் செல்போன் பெரும்பாலும் பேசுவதற்கே பயன்படுகிறது. வியாபாரியிடம் விலை கேட்பது, நடவுக்கு ஆள் சொல்வது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை விசாரிப்பது என நாளுக்கு நான்கைந்து அழைப்புகளே ஆகின்றன. அவ்வாறிருந்தும் பலர் தினசரி டேட்டாவுடன் கூடிய 28 நாள் ரீசார்ஜையே செய்து வருகின்றனர். படம் பார்க்காதவர் அதற்கான காசைக் கட்டுவது வீண் செலவு.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டுக்கு மாதம் 12 தான். 28 நாள் ரீசார்ஜோ 13 முறை செய்ய வேண்டும். எனவே ரீசார்ஜ் தொகையை மட்டும் பார்க்காமல், அதை நாட்களால் வகுத்துப் பார்ப்பது அவசியம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என 2024 டிசம்பரில் விதி செய்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1849 ரூபாய் என அறிவித்தது. ஜியோவின் கட்டணம் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1748 ரூபாய். அன்றைய கணக்கில் நாளொன்றுக்கு 5 ரூபாய் முதல் 5 ரூபாய் 60 காசுக்குள் அடங்கியது. கட்டணம் அவ்வப்போது மாறும். கணக்கிடும் முறை மாறாது. கடையில் "டேட்டா இல்லாத, பேச மட்டும் உள்ள திட்டம்" என்று கேட்டு வாங்க வேண்டும். அறுவடைப் பணம் கையில் இருக்கும்போது ஓராண்டுத் திட்டத்தைப் போட்டுவிடுவது நல்லது.

உழவன் செயலி, வானிலைப் படம் ஆகியவற்றைப் பார்ப்பவருக்கு டேட்டா தேவைதான். அதற்கு வீட்டில் ஒரு போனில் டேட்டா இருந்தால் போதும். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணுக்குச் சாதாரண பட்டன் போனிலிருந்தே பேசி ஆலோசனை பெறலாம்.

விலையை விட முதலில் பார்க்க வேண்டியது சிக்னல். வீட்டில் கிடைத்தால் போதாது. கிணற்றடியிலும் கிடைக்க வேண்டும். பக்கத்து வயல்காரரின் போனில் சோதித்த பிறகே நிறுவனத்தை மாற்றலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உள்ளது. செல்போன் மூலம் பம்பு செட்டை இயக்கும் ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2ஜியில் மட்டும் இயங்கும் ஸ்டார்ட்டருக்கு, 2ஜி சேவையே இல்லாத ஜியோவின் சிம் உதவாது. ஸ்டார்ட்டரில் உள்ள சிம்முக்கும் கெடு தவறாமல் ரீசார்ஜ் செய்ய வேண்டும். தவறினால் மோட்டார் ஓடாமல் பயிர் காயும்.

செலவைக் குறைப்பதாக எண்ணி எண்ணையே கைவிடுவது ஆபத்து. ஆதார், வங்கிக் கணக்கு, பி.எம். கிசான் உதவித்தொகை அனைத்தும் அந்த எண்ணோடு இணைந்துள்ளன. ரத்தான எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். வங்கியின் ரகசிய எண் அவருக்குப் போய்ச் சேரும். எண்ணை விட்டுவிட நேர்ந்தால், முன்னதாகவே வங்கியிலும் ஆதாரிலும் புதிய எண்ணைப் பதிவு செய்துவிட வேண்டும்.

ஓராண்டுத் தொகையை ஒரே தவணையில் கட்டுவது குறு விவசாயிக்குப் பாரமே. கூலி வரும்போது கட்டக்கூடிய வகையில், பேச மட்டுமான ஒரு மாதத் திட்டத்தையும் குறைந்த விலையில் தருவது எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அத்திட்டத்தின் விலையைக் கடை வாசலில் தமிழில் எழுதி வைக்கவும் வேண்டும். உரத்தைப் போலவே ரீசார்ஜையும் தேவைக்கு மேல் போடாதிருப்பதே சிக்கனம்.